ராணி எட்டிப் பார்க்காத ஜன்னல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு உதித்ததல்ல, ஒரு சுவருக்குள்ளிருந்து கேட்டது. ஒன்பது சதுரங்களாக வகுத்துக் கட்டிய பழைய நகரம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தேன். வழிகாட்டி எங்களைப் பெரிய வீதியின் நட்டநடுவில் நிறுத்தினார். "வீதியை மனசுக்குள்ள நடுவுல மடிச்சுப் பாருங்க. இந்தப் பக்க ஜன்னல் அந்தப் பக்க ஜன்னல் மேல அப்படியே உக்காரும்" என்றார். பிறகு ஒரு மாடி ஜன்னலைக் காட்டி, "இங்கேருந்துதான் ராணி ஊர்வலம் பார்த்தாங்க" என்றார்.

"ராணியும் இல்ல, கோணியும் இல்ல! வெறும் சுவரு!"

ஜன்னலுக்கு மேலிருந்த காற்றுத் துளையிலிருந்து ஒரு பெண் குரல். வழிகாட்டி அசடு வழிந்தார். "என் வீட்டுக்காரிங்க."

2

(இங்கே நகர வரலாறு இரண்டு பக்கம் இருந்தது. எழுதிய நானே தூங்கிவிட்டதால் கிழித்துவிட்டேன். நகரத்தை வரைந்த புண்ணியவான், வீதியின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்திருக்கிறார். ஜன்னல் வைக்க வழியில்லாத இடத்தில் சுவரிலேயே ஜன்னலைச் செதுக்கிவிட்டார்கள். வெளியே ஜன்னல், உள்ளே சுவர்.)

அந்தச் சுவருக்குப் பின்னால்தான் வழிகாட்டியின் மனைவி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறாள். வீட்டில் இருப்பதே அந்த ஓர் அறைதான். இனி படியிறங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

3

'அவள் கண்களில் கண்ணீர் திரண்டு...' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். படித்தால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள். வழிகாட்டியோடு நான் மாடிக்குப் போனபோது அவள் பேசியது இதுதான்:

"உலகமே வந்து என் ஜன்னலைப் போட்டோ எடுக்குது. எனக்கு மட்டும் அதுல ஒரு காக்கா தெரியல. தெறந்து விடுங்கன்னா, ஊரு அழகு கெட்டுடுமாம்!"

"மரபுக் கட்டட ஆபீஸ்ல விடமாட்டாங்கடி" என்றார் வழிகாட்டி.

"போய்க் கேட்டீங்களா?"

கேட்கவே இல்லை மனுஷன். ஆபீஸில் சரியென்று சொல்லிவிட்டால், தினமும் மடித்துக் காட்டுகிற வீதியைத் தானே உடைக்க வேண்டுமே என்ற பயம்.

4

முடிவு ஒன்று: சுவர் உடைகிறது, வெளிச்சம் வெள்ளமாக... (சினிமா. வேண்டாம்.)

முடிவு இரண்டு: அவள் எல்லாம் விதியென்று... (அவளா? நடக்கிற காரியமா!)

நடந்ததையே சொல்கிறேன். மறுநாளும் கூட்டத்தோடு போய் நின்றேன். வழக்கம்போல வீதியை மடித்தார், ஜன்னலைக் காட்டினார். "இங்கேருந்துதான் ராணி..."

மேலிருந்து சத்தமே இல்லை. காத்திருந்தார். மறுபடி, உரக்க, "ராணி!" என்றார். ம்ஹூம். முகம் வெளுத்துவிட்டது. கூட்டத்தை நடுவீதியில் விட்டுவிட்டு மாடிக்கு ஓடினார், பின்னாலேயே நானும்.

அவள் சும்மாதான் படுத்திருந்தாள். "சுவத்தோட கத்திக் கத்தி அலுத்துப்போச்சுங்க" என்றாள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். பிறகு அவர் எழுந்துபோய்ச் சுவரைத் தடவினார்.

"எந்த உயரத்துல வேணும்? படுத்தா தெரியணுமா, உக்காந்தா தெரியணுமா?"

5

அன்றே நான் ஊர் திரும்பிவிட்டேன். அவர் ஆபீஸுக்குப் போனாரா, அவர்கள் என்ன சொன்னார்கள், எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் பயமாக இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பெரிய வீதியின் நடுவில் நின்று மடித்துப் பாருங்கள். ஒரு ஜன்னல் மட்டும் பொருந்தாமல் இருந்தால் கையசையுங்கள். யாராவது உள்ளேயிருந்து உங்களைப் பார்த்து, "என்ன வேடிக்கை?" என்று அதட்டினால், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.