ஏழு பாகத்தில் ஒரு தம்பி

நாவல் சிபாரிசு செய்வதில் சியாமளாவை மிஞ்ச கல்பாக்கம் குடியிருப்பிலேயே ஆள் கிடையாது. அதிலும் ஃபேண்டசி என்றால் கேட்கவே வேண்டாம். டிராகன் பிடிக்குமா, சூனியக்காரி பிடிக்குமா, கடைசியில் கல்யாணம் நடக்க வேண்டுமா என்று நாலு கேள்வி கேட்பாள். பிறகு அலமாரியிலிருந்து அவள் உருவித் தரும் தொடர் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துவிடும். முடிவை மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. வாசகர் கூட்டத்தில் நிதின் ஒருமுறை யார் சாகிறார்கள் என்று உளறிவிட்டான். அவனைக் கூட்டத்தை விட்டே துரத்தாத குறைதான்.

அவளோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரேணுகா, ஏழு பாகத் தொடர் ஒன்றின் முதல் பாகத்தை வாங்கிப் போயிருந்தாள். அதன் கடைசியில் நாயகியின் தம்பியைக் கடலரசனின் ஆட்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். ரேணுகா அதைப் படித்து முடித்த வாரம்தான் அவள் தம்பி குமார் சிநேகிதர்களோடு கோவளத்தில் குளிக்கப் போனான். மற்றவர்கள் கரையேறினார்கள். அவன் ஏறவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததுதான் வினை. திருப்போரூர் வீட்டில் அம்மா எல்லம்மாள் தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். "எங்கியாச்சும் கரை ஒதுங்கியிருப்பான், போட்டுக்காரங்க தூக்கினு போயிருப்பாங்க" என்று வருகிறவர்களெல்லாம் சொன்னார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ரேணுகாவும் கூடவே தலையாட்டினாள். அழவில்லை. அழுதால் அவன் போய்விட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? பஸ் ஏறினாள், வேலை செய்தாள், சாப்பிட்டாள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது.

ஒரு சனிக்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க சியாமளா வீட்டுக்கு வந்தாள்.

"உனக்குப் போய் இதைக் கொடுத்தேனே" என்றாள் சியாமளா. "இதை விடும்மா. வேற ஏதாவது சிரிப்பா தரேன்."

"வேணாம்க்கா. அந்தத் தம்பி திரும்பி வரானா? அத மட்டும் சொல்லுங்க."

சியாமளா புத்தக அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் தூசி எதுவும் இல்லை.

"வருவான்மா. அஞ்சாம் பாகத்துல வந்துடுவான்."

ரேணுகா அவளையே பார்த்தாள். நிதினைக் காய்ச்சி எடுத்த அதே வாய், கேட்ட மாத்திரத்தில் முடிவைச் சொல்லிவிட்டது.

"அப்ப அஞ்சாம் பாகத்த குடுங்க."

"நடுவுல எடுத்துப் படிச்சா ஒண்ணும் புரியாதும்மா."

"பரவால்லக்கா. அவன் வர்ற எடம் மட்டும் போதும்."

ஐந்தாம் பாகம் எதிரே அலமாரியில்தான் இருந்தது. சியாமளா எழுந்திருக்கவில்லை.

"இன்னாக்கா, நீங்களுமா? வூட்ல அல்லாரும் வருவான் வருவான்னே சொல்லிகினு கீறாங்க. நானும் சொல்லிகினு கீறேன். ஒருத்தராச்சும் நெசத்த சொல்லுங்கக்கா. வர மாட்டான் தான?"

சியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வர மாட்டான் ரேணுகா."

"குமாரு செத்துட்டான்க்கா" என்றாள் ரேணுகா.

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.