நல்ல ரத்தம்

விடிவதற்கு முன்பே கழுவும் அறையில் நாற்றம் எழுந்துவிடும். நேற்றைய கண்ணாடிக் குழாய்களில் ஈரல் துண்டுபோல் உறைந்து கிடக்கும் ரத்தத்தை, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பெண் பிரஷ்ஷால் குடைந்து எடுப்பாள். பிளீச்சிங் நெடியில் கண் எரியும். நானூறு குழாய்கள், பத்து மணி நேரம், நின்றபடியே. உட்கார ஒரு முக்காலி கிடையாது. உட்கார்ந்தால் வேலை ஓடாது என்பது எங்கள் ஆராய்ச்சிக்கூட டைரக்டரின் கண்டுபிடிப்பு. அவருடைய மற்ற கண்டுபிடிப்புகளும் ஏறக்குறைய இந்தத் தரம்தான்.

ரத்தக்குழாய் நோய் வந்தவர்களின் உடம்பு, ரத்தம் உறைவதை எப்படிக் கட்டுப்படுத்துகிறது, எந்த இடத்தில் கோட்டை விடுகிறது என்பதுதான் எங்கள் கூடத்தின் ஆராய்ச்சி. நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே? அதற்குக் கழுவுகிறவர்களும் பெருக்குகிறவர்களுமாக எட்டுப் பேர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலையில் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள். டெக்னீஷியனான நான் ஊசி குத்தி எடுப்பேன். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். சொல்லவே கூசுகிறது.

மூன்று மாதமாக அக்காவின் ரத்தம் மட்டும் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் உறைந்தது. முதல் தடவையே டைரக்டரிடம் காட்டினேன்.

"குழாயைக் கவுத்துக் கவுத்து ஒழுங்கா கலந்தியா?"

"கலந்தேன் சார்."

"கலந்திருந்தா இப்படி வருமா? கெட்டுப்போன சாம்பிள். தூக்கிக் குப்பையில போடு."

போட்டேன். உறையாமல் தடுக்கும் மருந்தோடு ரத்தம் சரியாகக் கலக்காவிட்டால் அப்படி ஆவதுண்டு. மூன்று தடவையும் தப்பு என் கையில்தான் என்று நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை அவளுடைய இடது கால் வீங்கி, கழுவும் தொட்டியடியிலேயே சரிந்தாள். தொடையின் உள்ளே ரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ரத்தக்கட்டியைப் பற்றி நாற்பது கட்டுரை எழுதிய மனிதரின் அறைக்குப் பத்தடி தள்ளித்தான் அவள் பதினோரு வருடம் நின்றிருக்கிறாள். எனக்கு வெறுப்பு வந்தது. முதலில் அவரை நினைத்து, பிறகு என்னை நினைத்து.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மற்ற ஏழு பேரிடமும் அக்காவின் ரத்தத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். தரை துடைப்பவர், எங்கள் எல்லோருக்கும் சித்தப்பா, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பவாவது வாயைத் திறந்தியே. சரி, திங்கக்கிழமை ஒருத்தரும் கையை நீட்டப் போறதில்ல."

திங்கள் விடியற்காலை டைரக்டர் வந்தபோது, வழக்கம்போல் நான் பனிப்பெட்டியிலிருந்து எடுத்து வைத்த, ரத்தத்தில் விட்டுப் பார்க்கும் சோதனை மருந்து இளகிக்கொண்டிருந்தது. இளகினால் நாலு மணி நேரம்தான் தாங்கும். மறுபடி உறைய வைக்க முடியாது. ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன வேடிக்கை இது? வரிசையில வாங்க!"

"வரலைங்க," என்றார் சித்தப்பா. "அக்கா வேலை அக்காவுக்கு இருக்கணும். வைத்தியம் நீங்க பாக்கணும். தொட்டிகிட்ட முக்காலி வேணும். எங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு எங்ககிட்ட சொல்லணும்."

"சீக்காளியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு நல்ல ரத்தம்தான் வேணும். நாளைக்கே வேற ஆள் வரும்."

"வரட்டும். அவங்ககிட்டயும் இதைச் சொல்லுவோம்."

"மருந்து வீணாப் போகுதுய்யா! என்ன விலை தெரியுமா?"

"அக்கா கால் என்ன விலைங்க?" என்றாள் பாத்திரம் அடுக்கும் பெண்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன். முதல்ல உன் கையை நீட்டு. மிச்சத்துக்கு வெளிய ஆளைப் பிடி."

ஊசித் தட்டை மேசைமேல் வைத்தேன். "அந்த சாம்பிள் கெட்டுப்போகல சார். மூணு தடவையும் சரியாத்தான் வந்துச்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டு இவங்ககிட்ட குடுத்துட்டேன்."

வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். செய்யக்கூடியவர்தான். அக்காவின் வீக்கமும் இன்னும் வடியவில்லை.

ஏழு பேரும் கழுவும் அறைக்குள் போய், ஈரத்தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் வாசலில் தயங்கினேன். இத்தனை நாள் அவர்கள் கையில் குத்தியவன் நான். தொட்டிக்குக் கீழே ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்காரப் போனேன்.

"அது அக்கா இடம்," என்றார் சித்தப்பா. பிறகு நகர்ந்து, தன் பக்கத்துத் தரையைத் துணியால் துடைத்தார். "நீ இப்படி வா."