வேலைக்குப் போகாதவனின் வெள்ளைச் சட்டை

1

இது என் தம்பியின் கதை. அவனைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். போன வாரம் அவன் வீட்டுச் சமையலறையில், காய் நறுக்கியபடி தலை நிமிராமல் சொன்னான். ஆறுதல் சொல்லவேண்டிய நேரத்தில், இதை எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவே கூசுகிறது.

முதலில் எழுதிய வரி இது: ‘உழைக்க உடம்பில் தெம்பிருந்தும், அரசு உதவித்தொகையில் பிள்ளை வளர்க்கும் ஒரு தகப்பன்…’

வேண்டாம். அது அக்கம்பக்கத்தார் பேசுகிற வரி.

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரு பேக்கரியில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். மனைவி பிரிந்துபோன பிறகு இரண்டு பிள்ளைகளும் அவன் பொறுப்பு. பெரியவள் மூன்றாம் வகுப்பு. சின்னவனுக்கு மூச்சிரைப்பு, எப்போது இழுக்குமென்று சொல்ல முடியாது. இரவில் யாரை நம்பி விட்டுப் போவது? வேலையை விட்டான். உதவித்தொகை வருகிறது. பிள்ளைகள் வயிறு காயவில்லை.

(இங்கே ‘சோம்பேறி’ என்று எழுதி அடித்திருக்கிறேன். துவைப்பது, சமைப்பது, மருந்து கொடுப்பது, பாடம் சொல்லிக்கொடுப்பது எல்லாவற்றையும் அடுத்த வீட்டில் போய்ச் செய்தால் வேலை என்கிறோம். ஆனாலும் அந்தச் சொல் முதலில் என் கைக்குத்தான் வந்தது.)

அவனுக்கும் வந்திருக்கவேண்டும். தினமும் காலையில் பேக்கரியின் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டுதான் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவான்.

“இப்பத்தான் ஷிஃப்ட் முடிஞ்சுதா?” என்று வாசலில் யாராவது கேட்டால், “ஆமாங்க, ஒரே தூக்கமா வருது” என்று சிரிப்பான்.

3

பெற்றோர் வகுப்புக்கு வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசவேண்டும் என்றாராம் டீச்சர். தம்பி நழுவப் பார்த்தான். மகள் விடவில்லை.

போனான். மாவு பிசைவதை, அது பொங்கி எழுவதைக் கையாலேயே காட்டினான். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். ஒரு வாண்டு எழுந்து கேட்டது: “அங்கிள், நேத்து என்ன செஞ்சீங்க?”

அவன் வெறுங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மகள் சட்டென்று எழுந்தாள். “நேத்து பன்னு செஞ்சாரு. எனக்கும் ஒண்ணு சூடா கொண்டுவந்தாரு!”

வகுப்பு கைதட்டியது.

திரும்பி வரும்போது, “ஏம்மா பொய் சொன்னே?” என்று கேட்டிருக்கிறான்.

“நீங்கதானேப்பா தினமும் அந்தச் சட்டையைப் போட்டுட்டு வர்றீங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னான்: “உதவி வாங்குறது கூடப் பெரிசில்லக்கா. எம்பொண்ணு என்னைக் காப்பாத்துறா. அதைத்தான் தாங்க முடியல.”

4

முடிவுகள்.

ஒன்று: மறுநாள் சாதாரணச் சட்டையில் பள்ளி வாசலுக்குப் போய், “நான் வேலைக்குப் போகல” என்று சொல்லிவிடுகிறான். (கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வாசலில் நிற்கப்போவது நானில்லையே.)

இன்னொன்று: மறுபடி வேலைக்குப் போகிறான். ‘அன்றிரவு சின்னவனுக்கு மூச்சு இழுத்தபோது பெரியவள்…’

இதற்கு மேல் எழுதமாட்டேன். அவள் என் மருமகள்.

உண்மையில் நடந்தது வேறு. பேக்கரி சூப்பர்வைசர் தம்பியைக் கூப்பிட்டிருக்கிறார். இரவு ஷிஃப்டுக்கு ஆள் வேண்டுமாம், யோசித்துச் சொல்லச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டுத் தம்பி, “ராத்திரிக்கு மட்டும் பிள்ளைங்களை…” என்று இழுத்தான்.

மீதி எனக்குப் புரிந்தது. நான் தனியாள். பகலில்தான் வேலை. இரவில் எழுதுவேன், அவ்வளவுதான்.

“பாக்கலாம்டா” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வீட்டுக்கு வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

5

பெற்றவர்கள் உழைக்கவேண்டுமா, உதவித்தொகையில் வாழலாமா என்று உங்களைக் கேட்டு முடிப்பதாக இருந்தேன். ஆளுக்கொரு பதில் சொல்வீர்கள். நானும் தப்பித்துவிடுவேன்.

சற்று முன் தம்பியிடமிருந்து செய்தி வந்தது: “அக்கா, வேலை வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். நீ சங்கடப்படாதே.”

பதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். ‘சொல்லிடாதே, நான்’ என்பதுவரை வந்துவிட்டேன். அடுத்த சொல்லை நீங்களே போடுங்கள். எனக்குக் கை வரவில்லை.