வெங்காயக் காட்டில் பனிமலை

வெற்றிச்செல்வி அமெரிக்காவிலிருந்து குரும்பலூர் வந்து சேர்ந்த மறுநாள் காலை, அவர்களுடைய வெங்காயக் காட்டில் உச்சியெல்லாம் பனி மூடிய எரிமலை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அந்த வாரம் சின்ன வெங்காயம் விலை இறங்கியிருந்ததால் ஊர் மலையைவிட விலையைப் பற்றியே அதிகம் பேசியது. மலையைப் பார்க்க வந்தவர்கள் கிணறு தப்பித்ததா என்று விசாரித்தார்கள். தப்பித்திருந்தது.

அது எந்த மலை என்று அவளுக்கு மட்டும் தெரியும். அப்பா பூமாலை இறந்த சனிக்கிழமை, சியாட்டிலுக்கு வெளியே அதன் அடிவாரத்தில்தான் நண்பர்களோடு கூடாரம் போட்டிருந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. அம்மா ஆண்டாயியிடம், "லீவு நாள்லயும் ஆபீஸ் வேலம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மலையேறப் போகிறேன் என்றால் அம்மா பயப்படுவாள் என்பது அவள் தனக்கே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் கொஞ்ச நேரமாவது யாருக்கும் மகளாக இல்லாமல் இருந்து பார்க்க ஆசைப்பட்டாள். இங்கே, ஒரே மகள் வாய்க்கரிசி போடாமல் எடுக்கக் கூடாது என்று அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். அவள் பனியைப் போட்டோ எடுத்த நேரத்தில் அம்மா பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியில் சித்தப்பா சாமிதுரை, "இனிமே தாங்காது அண்ணி, எடுத்துடுவோம்" என்றார். மகளுக்கும் சேர்த்து ஆண்டாயியே அரிசி போட்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு ராப்பகலா ஒழைக்குது, போன எடுக்க அதுக்கு நேரமேது" என்றாள். வந்து இறங்கிய வெற்றிச்செல்வியால் அந்தச் சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

மலை போகவில்லை. மாடுகள் அதன் நிழலில் படுத்தன. சாமிதுரை மோர்ப்பானையைப் பனியில் புதைத்து வைத்தார். "எங்கண்ணன் இருந்திருந்தா இந்நேரம் உருகுற தண்ணிக்கு வாய்க்கா வெட்டியிருப்பாரு" என்றார்.

கருமாதி முடிந்து ஒருநாள் ஆண்டாயி செருப்பில்லாமல் மலையேறிப்போய், வெயில் தாழ இறங்கி வந்தாள். கையில் ஒரு கம்பளிக் குல்லாய்.

"மேல கூடாரத்துல கெடந்துச்சு. நான் காய்ச்சி அனுப்புன எண்ண வாசன அடிக்குது."

அது வெற்றிச்செல்வியுடைய குல்லாய்தான்.

"அன்னைக்கு அங்கதான் இருந்தியா?"

தலையாட்டினாள். ஆண்டாயி உட்கார்ந்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டே கேட்டாள்.

"சந்தோசமா இருந்தியாடி?"

திட்டியிருந்தால் அழுதிருப்பாள். இதற்குப் பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். பிறகு, "இருந்தேம்மா" என்றாள்.

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. குல்லாயைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டாள்.

மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஊரில் யாராவது இறந்து, பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், உடலை அங்கே கொண்டுவந்து பனியில் கிடத்துகிறார்கள். கரண்ட் பற்றிய கவலை இல்லை. வெற்றிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் விழும் பனியைத் துடைத்துவிடுகிறாள். எவ்வளவு தாமதமாக வந்தாலும், பிள்ளைகளிடம் எங்கே இருந்தாய் என்று மட்டும் அவள் கேட்பதில்லை.