கடைசிக் கதவு

கத்தாரிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிய முஸ்தாக், நாற்பதைத் தொட்ட மனிதன், பெட்டி நிறையப் பால்மாவும் அத்தரும் கொண்டு வந்திருக்கலாம். கொண்டு வந்ததோ ஒரு பிளேஸ்டேஷன். அதையும் தூக்கிக்கொண்டு, தான் பெண்ணெடுத்த சம்மாந்துறையிலிருந்து கல்முனைக்கு, தங்கச்சி ஸுல்பிகாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மனைவி ஸம்றா தலையில் அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

சின்ன வயதில் காக்காவும் தங்கச்சியும் சோறு தண்ணி மறந்து விளையாடிய சாகச விளையாட்டு, படமெல்லாம் துலக்கிப் புதிதாக வெளிவந்திருந்தது. வாளேந்திய வீரன் பாதாளக் கோட்டைக்குள் வழி தேட வேண்டும். அந்தக் காலத்தில் பொத்தானை அழுத்துவது முஸ்தாக், வழி சொல்வது ஸுல்பிகா. கடைசிக் கதவு மட்டும் திறக்கவேயில்லை. அதற்குள் அவனுக்கு விசா வந்துவிட்டது. பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளையும் வந்து குடியிருக்க ஒரு வீடு கட்டாமல் கலியாணம் பேச முடியாத ஊர்; வாப்பாவும் உயிரோடு இல்லாததால் பொறுப்பு அவன் தலையில். "நான் வாற வரைக்கும் தொடப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவளும் தலையாட்டினாள்.

லீவில் வந்தபோது பழைய விளையாட்டுப் பெட்டி பழுதாகிக் கிடந்தது. ஆனாலும் போனதால் இழந்தவற்றில் அந்தக் கதவு ஒன்றாவது தனக்காகக் காத்திருக்கிறது என்று நம்பியிருந்தான், பாவம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு பிளேஸ்டேஷனை ஸுல்பிகாவின் டிவியில் பூட்டினான். வீரனை அந்தக் கடைசிக் கதவடிவரைக்கும் முன்னமே தனியே விளையாடிக் கொண்டுவந்து வைத்திருந்தான். முன்பு வெறும் இருட்டாய்த் தெரிந்த சுவரில் இப்போது பாசிகூடப் பளபளத்தது. ஸுல்பிகா தேத்தண்ணியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கதவ விடுங்க காக்கா. இடப்பக்கத்துத் தூணத் தள்ளுங்க."

தள்ளினான். கதவு திறந்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் முடிச்சிட்டன். நீங்க போன கையோட."

அவன் முகம் சுண்டிப் போயிற்று. "தொட மாட்டன் எண்டு தலையாட்டினியே புள்ள."

"வேற என்ன செய்ய? கலியாணப் பேச்செண்டு பள்ளிக்கூடத்தாலயும் மறிச்சாங்க. நீங்க ஊடு கட்டப் போனீங்க. நான் ஊட்டுக்குள்ள கிடந்தன்."

"உனக்குத்தானே கட்டினன்?"

"நான் கேட்டனா காக்கா? என்னட்ட யாராவது ஒரு சொல்லுக் கேட்டீங்களா?"

முஸ்தாக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த வீட்டுச் சுவரின் ஒவ்வொரு கல்லும் அவன் வியர்வை. கத்த வாயெடுத்தான். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது தெரிந்ததும் திரையில் திறந்து கிடந்த கதவின் பக்கம் திரும்பினான்.

"உள்ளுக்கு என்ன இரிக்கு?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்ல. வெளிய போற வழிதான்."

அவன் வயர்களைக் கழற்றத் தொடங்கினான். அவள் தடுக்கவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு, "மஃரிபுக்கு முந்தி ஊட்ட போய்ச் சேருங்க காக்கா, மச்சி தேடுவா" என்றாள்.

அவள் சொன்னது ஸம்றாவின் வீட்டை. அதைக் கட்டியவன் ஸம்றாவின் காக்கா. அவன் இன்னும் சவூதியில்தான் இருக்கிறான்.