கண்ணாடிமேல் ஆடிய சேசிஸ்

வண்டியின் எலும்புக்கூடான பித்தளைச் சேசிஸைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, வலது பின்மூலையை வர்னா ஒற்றை விரலால் அழுத்தினாள். டக் என்றது. விரலை எடுத்தாள். மறுபடியும் டக்.

"உனக்கு என்னதான் வேணும்?" என்று அதனிடமே கேட்டாள்.

முழங்கையிலிருந்து விரல்நுனி வரைதான் அதன் நீளம். நிஜத்தில் அது அவள் தம்பி கர்டிஸ் ஓட்டும் டிராக்ஸ்டர். கால் மைல் நேர்ச்சாலையில் பக்கத்து வண்டியை முந்துவதற்கென்றே செய்த, மூக்கு நீண்ட பிசாசு. அதில் பதினாறில் ஒரு பங்கு இந்த மாடல். கடையில் உதிரிப் பாகப் பெட்டி வாங்கி ஒட்டுகிறவர்களை வர்னா ஆளாகவே மதிப்பதில்லை. அவளுக்குக் குழாய் மட்டும்தான் கடையிலிருந்து வர வேண்டும். அதை நறுக்கி, ஒரு கம்பியில் சுற்றி வளைத்து, இன்னொரு குழாயின் முதுகில் கச்சிதமாக உட்காரும்படி முனையை வட்ட அரத்தால் ராவி, பலகையில் ஊசி குத்தி நிறுத்தி, பொட்டுப் பொட்டாகப் பற்றவைப்பது எல்லாம் அவள் கைதான். பகலில் அவளுக்குப் பல் மருத்துவர்களுக்காகப் பொய்ப்பல்லும் பல் உறையும் செய்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் ஆள் மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். அப்படிப் பழகிய கை.

அந்தக் கையில் செய்த சேசிஸ் ஆடியது. இது இரண்டாவது. முதலாவதும் இதே மூலையில்தான் ஆடியது. சூட்டில் பித்தளை இழுத்துக்கொண்டது என்று தன்னையே வைதுகொண்டு அதைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

மாடல் செய்கிறவர்கள் பொதுவாக நிஜ வண்டியின் ஒரு பக்கத்தைத்தான் அளப்பார்கள். மறுபக்கத்தை அதைப் பார்த்தே செய்துவிடுவார்கள். பாதி வேலை மிச்சம், மாடலும் நேராக நிற்கும். வர்னாவும் இத்தனை வருஷம் அப்படித்தான் செய்தாள். இந்த முறைதான் இரண்டு பக்கமும் அளந்தாள். போன அக்டோபரில், கடைசிப் பந்தயத்தில், வண்டி வலதுபக்கத்துச் சுவரில் உரசியிருந்தது. "சுவத்துக்கு ஒரு முத்தம் குடுத்துட்டு வந்திருக்கா, அவ்வளவுதான்" என்று சிரித்தான் லைல் புரூபேக்கர். வண்டியைக் கட்டியவன் அவன். வண்டிக்குச் சொந்தக்காரனும் அவனே. ஒரு காலத்தில் வர்னாவின் கணவனாகவும் இருந்தவன். குளிர்காலத்தில் தகடுகளைக் கழற்றிப் பெயின்ட் அடிக்க நிறுத்தியிருந்தபோது வர்னா அவன் கொட்டகைக்குப் போய், ஒவ்வொரு வெல்டிலிருந்தும் அடுத்த வெல்டுக்குக் காகித நாடாவை விறைப்பாக இழுத்துப் பிடித்து, நறுக்கி எடுத்து வந்தாள்.

இப்போது அந்த நாடாக்களை மறுபடி எடுத்தாள். ஓட்டுபவன் முதுகுக்குப் பின்னால் நான்கு குழாய்கள் சேர்ந்து ஒரு சட்டம் இருக்கிறது. அதன் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுத்திருந்தாள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஒன்று மற்றதைவிட ஒரு பென்சில் கனம் நீளமாகத் தொங்கியது.

பென்சில் கனத்தைப் பதினாறால் வகுத்தால் நகத்தின் கனம். கண்ணாடிமேல் ஆடியதும் சரியாக அவ்வளவுதான்.

அவள் கை பிசகவில்லை. நிஜ வண்டி முறுக்கிக்கொண்டிருந்தது, அதுவும் கர்டிஸின் முதுகுக்குப் பின்னால்.

மறுநாள் வேலை முடிந்து நேராக லைலின் கொட்டகைக்குப் போனாள். வெளியே மக்காச்சோளக் கொல்லையெல்லாம் இன்னும் சேறு. உள்ளே லைல் எஞ்சினுக்கு அடியில் படுத்திருந்தான். அவன் உதவியாள் ஆர்ச்சியும் இன்னொருவனும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள்.

"லைல், சுவத்துல உரசினதுல வண்டி முறுக்கிக்கிச்சு. சீட்டுக்குப் பின்னாடி ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இல்ல."

"யாரு சொன்னா?"

"மாடல் ஆடுது. ரெண்டு தடவை செஞ்சு பார்த்துட்டேன்."

ஆர்ச்சிக்குக் காப்பி புரையேறியது. லைல் வெளியே ஊர்ந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"அது பித்தளை வர்னா. முறைச்சுப் பார்த்தாலே வளையும். இது எஃகு. இந்தா, ஸ்டிக்கர் பாரு. பரிசோதனை பண்ணி ஒட்டினது. அடுத்த வருஷம் வரைக்கும் செல்லும்."

"சுவத்துல மோதறதுக்கு முன்னாடி ஒட்டினது அது."

"உரசினதுக்கு முன்னாடி."

"சரி, உரசினதுக்கு. மூலைக்கு மூலை ஒரு நூலைக் கட்டிப் பாரேன். அஞ்சு நிமிஷ வேலை."

லைல் மற்ற இருவரையும் பார்த்துக் கண்ணடித்தான். "கல்யாணம் பண்ணி இருந்தப்பவும் இவ இப்படித்தான். எங்க கோணல் எங்க கோணல்னு அளந்துகிட்டே இருப்பா. விட்டுட்டுப் போயும் டேப்பைக் கீழ வைக்கல."

சிரித்தார்கள். வர்னாவின் காது சுட்டது. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால்தான் அப்படிச் சுட்டது. திரும்பி வந்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் செய்ததுதான் வினை. பருவத்தின் முதல் பந்தயத்துக்குப் போகும்போது அவள் செய்த மாடல் இழுவை லாரியின் டாஷ்போர்டில் இருந்தாக வேண்டும். கர்டிஸ் வண்டியோட்டத் தொடங்கிய நாளிலிருந்து அப்படி. ஆடுகிற மாடலைக் கொண்டுபோய் வைத்தால் லைல் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. தவிர, ஆடுகிற ஒன்றைத் தன் வேலை என்று ஊர் முன்னால் வைக்க அவள் மனமும் ஒப்பவில்லை. மூன்றாவது சேசிஸ் செய்தாள். இடதுபக்க அளவையே வலதுக்கும் போட்டாள். கண்ணாடிமேல் வைத்து நாலு மூலையும் அழுத்தினாள். சத்தமே இல்லை. அழகாகத்தான் இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆடுகிறதைப் பஞ்சில் சுற்றிச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டாள். பந்தயத்தன்று காலையில் கர்டிஸிடம் தனியாகக் காட்டிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

அன்று ஒஹையோவுக்கே உரிய சாம்பல் வானம். பந்தயத்தளத்தில் வண்டிகளை நிறுத்தும் பிட்டில் இறங்கியதுமே லைல் ஒருவனைத் துரத்தினான். அவன் தொப்பியில் பச்சைக் கோடு இருந்தது. பச்சையும் ஆகாது, கடலைத் தோலும் ஆகாது இவர்களுக்கு; இரண்டும் கெட்ட சகுனம். போன வருஷம் யாரோ பிட்டில் வேர்க்கடலை உடைத்தான் என்று லைல் ஒரு ஓட்டத்தையே விட்டுக்கொடுத்தான். கடைசித் துணுக்கு வரை பொறுக்கிய பிறகுதான் வண்டியைத் தொட்டான். நூல் கட்டிப் பார்க்க நேரமில்லாதவனும் இவன்தான்.

கர்டிஸ் டாஷ்போர்டிலிருந்து புது மாடலை எடுத்து, கருவிப்பெட்டியின் தட்டையான மூடிமேல் வைத்தான். ஒவ்வொரு மூலையாக விரலால் அழுத்தினான். அவன் இதற்கு முன் அப்படிச் செய்து வர்னா பார்த்ததில்லை. நான்கையும் அழுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"அசையல" என்றான். முகம் தெளிந்திருந்தது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு வர்னாவுக்கு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். அப்புறம் என்பது முதல் ஓட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

கர்டிஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வந்தான். முடியெல்லாம் நனைந்திருந்தது.

"பாதி தாண்டினதும் பின்பக்கம் நண்டு மாதிரி ஒதுங்குது" என்றான். "டயராத்தான் இருக்கும். நல்லவேளை, சேசிஸ் இல்ல."

"சேசிஸ் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மாடல்தான் சொல்லுச்சே. நீ கொட்டகைக்கு வந்து கத்தினதை ஆர்ச்சி சொல்லிட்டான். லைல் பேச்சை நான் நம்பல. வர்னா கொண்டு வர்றது ஆடினா ஏற மாட்டேன், ஆடலேன்னா ஏறுவேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். காலைல பார்த்தேன். பாறை மாதிரி நின்னுச்சு."

வர்னா டப்பாவை எடுப்பதற்குள் ஒலிபெருக்கி ஓட்டுநர்களைக் கூப்பிட்டது. கர்டிஸ் ஓடிவிட்டான்.

லைல் வண்டியை அடுத்த ஓட்டத்துக்கு இழுத்துப்போகக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அந்த மாடலை நான் நேராக்கினேன், லைல். அளவு அப்படி இல்ல. உன் வண்டி கோணல். அவன் அதை நம்பி ஏறப் போறான்."

லைலின் கண்ணில் ஒரு கணம் ஏதோ வந்து போனது. உடனே உதட்டைச் சுழித்தான். "ஓட்டப்போறவன் மனசைக் கெடுக்காத. பயந்துகிட்டு ஓட்டுறவன்தான் செத்துப்போவான். என் மேல கோவம்னா ராத்திரி போன் பண்ணித் திட்டு."

"இப்ப ஒரு நூல் கட்டு."

"இப்பவா? போ வர்னா, போய் உன் பல்லைப் பாரு."

அவள் போனாள். பார்வையாளர் பக்கத்துக் கடையில் தோலோடு வறுத்த கடலை ஒரு பை வாங்கினாள். அவள் பேசினால் எதிர்த்துப் பேச இங்கே எல்லாருக்கும் வாய் இருந்தது. கடலையை எதிர்த்துப் பேச ஒருவனும் இல்லை. திரும்பி வரும்போதே இரண்டு கையாலும் நொறுக்கிக்கொண்டு வந்தாள். லைல் எரிபொருள் டப்பாவை எடுக்கக் குனிந்த நேரத்தில், ஓட்டுபவன் உட்காரும் குழிக்குள் பையை அப்படியே கவிழ்த்தாள். சீட்டுக்குப் பின்னால், தகட்டு இடுக்கில், எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் கையால் தள்ளிவிட்டாள்.

ஆர்ச்சிதான் முதலில் பார்த்தான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

லைல் திட்டிய திட்டு அடுத்த நாலு பிட்டுக்கும் கேட்டது. அதில் பாதி வர்னாவுக்குப் பழைய பாடம். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கர்டிஸ் திரும்பி வந்து குழிக்குள் பார்த்தான், பிறகு அக்காவைப் பார்த்தான்.

"பைத்தியமா உனக்கு? இன்னைக்கா?"

"எல்லாத் தோலையும் எடுத்துட்டு ஏறு" என்றாள். "ஒண்ணு கூட உள்ள இருக்கக் கூடாது."

அதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் ஓட்டக்காரனுக்கு இந்த ஓட்டத்தை விட்டுக்கொடுப்பதாக ஆள் அனுப்பிவிட்டு சீட்டைக் கழற்றினார்கள். தோல் பின்னால் போயிருந்தது. தகட்டையும் கழற்றினார்கள். கர்டிஸ் உள்ளே கைவிட்டுத் துழாவினான். ஒவ்வொரு தோலாக வெளியே வந்து விழுந்தது. பிறகு வருவது நின்றது. அவன் கை மட்டும் உள்ளேயே இருந்தது.

"லைல், விளக்கு."

வலது பின்மூலையில், சட்டத்தின் குழாய்கள் சேரும் வெல்டைச் சுற்றி, புதுப் பெயின்டில் மயிரிழை போல ஒரு வளையம் ஓடியிருந்தது. கர்டிஸ் நகத்தை வைத்துச் சுரண்டினான். பெயின்ட் உதிர்ந்தது. கீழே எஃகிலும் அதே கோடு இருந்தது. முக்கால் சுற்று வந்துவிட்டது. கால் சுற்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓடுதளத்தில் யாரோ இரண்டு பேர் சீறிக்கொண்டு போனார்கள். தரை அதிர்ந்தது.

கர்டிஸ் எழுந்து லாரிக்குப் போனான். டாஷ்போர்டிலிருந்த மாடலை எடுத்து வந்து வர்னாவின் கண்ணுக்கு நேராக நீட்டினான்.

"இது எந்த வண்டி?"

அவள் கண் சாப்பாட்டு டப்பாவுக்குப் போனது.

"கேக்கறேன்ல? நான் ஏறி ஓட்டினேனே, அந்த வண்டியா இது?"

"இல்ல" என்றாள். அழுகை வந்துவிட்டது. "இது ஆடக் கூடாதுன்னு நான் செஞ்சது."

டப்பாவைத் திறந்து பஞ்சைப் பிரித்து மற்றதைக் கொடுத்தாள். பெயின்ட் இல்லை, சக்கரம் இல்லை, வெறும் பித்தளை. அவன் கருவிப்பெட்டிமேல் வைத்து வலது பின்மூலையை அழுத்தினான். டக். லைல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீடு திரும்பும்போது மூவரும் லாரியின் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். லைல் ஓட்டினான். கர்டிஸ் நடுவில். பின்னால் இழுவைப் பெட்டியில் வண்டி. டாஷ்போர்டில் கர்டிஸ் பித்தளைச் சேசிஸை வைத்திருந்தான். எஞ்சின் அதிர்வுக்கு அது ஓயாமல் தட்டிக்கொண்டே வந்தது. நல்ல மாடலை அவன் என்ன செய்தான் என்று வர்னா கேட்கவில்லை.

ரொம்ப தூரம் போன பிறகு லைல் தொண்டையைச் செருமினான். "அந்த மூலைக்கு மேல ஒரு பட்டை வச்சு வெல்டு அடிச்சா போதும். அடுத்த சனிக்கிழமைக்கு ரெடி."

கர்டிஸ் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முடியாது என்றும் சொல்லவில்லை. வர்னா அவன் வாயையே பார்த்தாள்.

டக். டக். டக்.

லைலுக்குப் பொறுக்கவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அன்றைய பந்தய நுழைவுச்சீட்டை நாலாக மடித்துச் சேசிஸின் மூலைக்கு அடியில் செருகினான். சத்தம் நின்றது. கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள்.

கர்டிஸ் கையை நீட்டி அந்தச் சீட்டை உருவி, வர்னா பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போட்டான்.

"தட்டட்டும்" என்றான்.