எத்தனை வருஷமா?

இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்த வாரமே அவளுக்கு 'துரைசாணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும் படுக்கை விரிப்புகளை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிக்க வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. துரைசாணிக்கு எப்போது பிளேன் என்று கேட்பார்கள். அவளுக்குக் கோபம் வந்ததில்லை. சொல்லப்போனால் உள்ளுக்குள் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

அவள் புருஷன் வெளிநாட்டில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். கல்யாணமான புதிதில் கொஞ்ச காலம் கூட இருந்தான். பிறகு வேலை கிடைத்துப் போனவன், போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னான். அதற்குள் மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. அப்பாவை விட்டுவிட்டு எப்படி வருவாய் என்று சில காலம் ஓடியது. அங்கே வாடகை ஏறிவிட்டது என்று சில காலம். அவள் விடாமல் நச்சரித்தபோது, மனைவியாக வருவதென்றால் இங்கிலீஷ் பேசும் பரீட்சையில் தேற வேண்டும், சட்டம் அப்படி, நீ தேறிவிட்டால் மறுநாளே விண்ணப்பம் போடுகிறேன், அப்பாவைத் தங்கச்சி பார்த்துக்கொள்வாள் என்றான். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் கோட்டை விட்டுப் படிப்பை நிறுத்தியவள் அவள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

வகுப்பு எடுத்தவள் இவளைவிடச் சின்னப் பெண். நாக்கில் கொஞ்சம் விஷம். சிவப்புப் பேனா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் 'சிவப்புப் பேனா' என்றே பெயர். காலக் கணக்கு வந்த இடத்தில்தான் இவள் மாட்டிக்கொண்டாள். தமிழில் 'பத்து வருஷமா' என்று ஒரு நெடிலைச் சேர்த்தால் வேலை முடிந்தது. இங்கிலீஷில் வினையே அல்லவா குட்டிக்கரணம் போடுகிறது! ஆஸ்பத்திரி வேலையைப் பற்றிச் சொல்லச் சொன்னபோது இவள் எழுந்து, "ஐ வொர்க்ட் ஃபார் டென் இயர்ஸ்" என்றாள்.

"அப்ப வேலைய விட்டுட்டீங்களா?" என்றாள் சிவப்புப் பேனா.

வகுப்பு சிரித்தது. 'வொர்க்ட் ஃபார்' என்றால் அந்தக் கதை முடிந்துபோனது, 'ஹேவ் வொர்க்ட் ஃபார்' என்றால்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்று விளக்கினாள். எவ்வளவு காலம் என்பதற்கு 'ஃபார்', எப்போதிலிருந்து என்பதற்கு 'சின்ஸ்'. ஒரு வேலைக்கு நேரம் பிடித்தால் 'டேக்', ஒரு சங்கதி நீடித்தால் 'லாஸ்ட்', நம் நேரத்தை நாமே கொண்டுபோய்க் கொட்டினால் 'ஸ்பெண்ட்'. இவள் வீட்டுக்கு வந்து மாமனாரைத் துடைத்துவிடும்போது அவரிடமே சொல்லிச் சொல்லிப் பழகினாள். "இட் டேக்ஸ் ஒன் அவர், மாமா" என்பாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவையும் தோற்றாள். மூன்றாம் தடவை தேறி, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று இரண்டு முறை 'ஹலோ' சொன்னாள்.

"நெஜமாவா?" என்றான்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்தவன், வேறு வழியில்லாமல் விண்ணப்பமும் போட்டான். விசா நேர்காணலுக்குத் தேதி வந்ததும், பயமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேள், கேட்டால் கொடுப்பார்கள் என்றான். அவள் கேட்கவில்லை. அவ்வளவு பாடுபட்டுப் படித்துவிட்டு வாய்க்கு வாடகை ஆள் எதற்கு?

நேர்காணல் அறை சிறியது. மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். அதிகாரி நரை விழுந்த ஒரு பெண்மணி. கேள்விகளுக்கெல்லாம் இவள் நிதானமாகப் பதில் சொன்னாள். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு, "வீ ஹேவ் பீன் மேரீட் ஃபார் நைன் இயர்ஸ்" என்று பிசிறு இல்லாமல் சொன்னாள். அதிகாரி கூடச் சிரித்தாள். பிறகு, உங்கள் கணவரிடமும் இரண்டொரு கேள்வி கேட்க வேண்டும், வழக்கமான நடைமுறைதான் என்று சொல்லி எண்ணை அழுத்தினாள். இரண்டு கையாலும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் குரல் வெளியே கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தாள்.

அதே கேள்வி. அவன் சொன்னான்: "வீ வேர் மேரீட் ஃபார் நைன் இயர்ஸ்."

தப்பு, 'ஹேவ் பீன்' என்று வர வேண்டும் என்று இவள் மனசு துடித்தது. இத்தனை காலம் அங்கே இருந்துமா இந்தத் தடுமாற்றம் என்று அவனுக்காக வெட்கப்பட்டாள். அதிகாரிக்கும் சந்தேகம். இப்போதும் கணவன் மனைவிதானே என்று திருப்பிக் கேட்டாள்.

அவன் தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினான். காகிதத்தில் மட்டும்தான் என்றான். போன வருஷத்திலிருந்து வேறொருத்தியோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்றான். என் மனைவிக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம், ஏதாவது விதியைக் காட்டி நீங்களே மறுத்துவிட முடியுமா என்று கேட்டான். 'ஹேவ் பீன் லிவிங்', 'சின்ஸ்', எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சிவப்புப் பேனாவுக்கு அதில் வேலையே இல்லை.

அதிகாரி பாய்ந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மேற்கொண்டு தொடர விருப்பமா என்று அவள் இவளை மெதுவாகக் கேட்டாள். இவள் 'நோ' என்றாள். அந்த ஒரு சொல்லுக்கா இவ்வளவு படிப்பு என்று வெளியே வரும்போது தோன்றியது.

சாயங்காலம் அவனே கூப்பிட்டான். என்ன ஆயிற்று என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டான். ஸ்பீக்கரில் கேட்டேன் என்றாள் அவள்.

"டென்ஷன்ல இங்கிலீஷ் தப்பா வந்துருச்சு. நீ ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்ட."

"உங்க இங்கிலீஷ்ல ஒரு தப்பும் இல்லங்க."

பிறகு அவன் மறுக்கவில்லை. செலவுக்கு அனுப்புவதில் குறை வைக்க மாட்டேன், அப்பாவை மட்டும் பார்த்துக்கொள் என்றான். எத்தனை நாளைக்கு என்று கேட்டாள். பார்க்கலாம் என்றான். அவள் போனை வைத்தாள்.

மாமனாரிடம் போய்ச் சொன்னாள். உங்கள் பிள்ளை அங்கே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார், மாமா. அவர் முகம் அசையவில்லை. கண்ணில் திகைப்பு இல்லை, கேள்வி இல்லை. மெல்ல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வாரந்தோறும் பிள்ளை கூப்பிடும்போது போனை அவர் காதில் வைத்துவிட்டு இவள் சமையலறைக்குப் போய்விடுவாள். பிள்ளை அப்பாவிடம் மனம்விட்டுப் பேசட்டும் என்ற மரியாதைதான். அந்த மரியாதையில்தான் சங்கதி அவர் காதுக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

விடிந்ததும் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுநரைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். இருவருமாகப் பெரியவரைத் தூக்கி ஏற்றி, ஊரின் மறுகோடியில் இருந்த நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கதவைத் திறந்த நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க அண்ணி. அண்ணன் திரும்பி வந்துருவாருன்னுதான் நாங்க உங்ககிட்ட சொல்லல."

'நாங்க' என்ற சொல் அவளுக்கு நன்றாகக் கேட்டது. உள்ளறையில் படுக்கையை விரித்து, மாத்திரைகளை அடுக்கி, எந்த நேரத்துக்கு எது என்று சொன்னாள். கிளம்பும்போது பெரியவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நோயாளிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, கையை அவர் மார்பின்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு ஒற்றை அறை பிடித்துக்கொண்டாள். சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நாத்தனார் கூப்பிட்டாள். அப்பா எதையும் விழுங்க மாட்டேன் என்கிறார், ஊட்டினால் புரையேறுகிறது என்று அழுதாள். பின்னணியில் அந்த இருமல் கேட்டது. நிமிர்த்தி உட்கார வையுங்கள், மோவாயைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், சின்னக் கரண்டியில், விழுங்கினாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் என்று சொல்லிக்கொண்டே போனாள். இருமல் அடங்கியது.

"ஒரே ஒரு நாள் வந்து காட்டிட்டுப் போங்களேன் அண்ணி."

"வர மாட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, தலையணையை எந்தப் பக்கம் அண்டைக் கொடுக்க வேண்டும் என்பதை இன்னொரு முறை சொன்னாள்.